டயாலிசிஸ் வந்தது, வாயைப் பார்க்க மறந்தோம்: ஒரு குட்டி வரலாற்று இழை

1/ போன மாசம் தாம்பரத்துலேர்ந்து அண்ணன் ஒருத்தர் வந்தார். வயசு 52. நாலு வருஷமா வாரம் மூணு நாள் டயாலிசிஸ். கிட்னி கொடுக்க மனைவி தயார். ஆனா ஆபரேஷனுக்கு முன்னாடி பார்த்த பல் டாக்டர் நிறுத்திட்டார். கீழ் வரிசையில ரெண்டு பல்லுக்கு அடியில சீழ். "இத்தனை வருஷத்துல யாரும் வாயைத் திறன்னு சொல்லல சார்"ன்னார். அந்த 'யாரும்'ல நானும் உண்டு.

2/ இத்தனைக்கும் ஒரு காலத்துல டாக்டருங்க கிட்னி நோயாளி கிட்ட போனதும் முதல்ல கவனிச்சது வாய் வாடையைத்தான். 1851-ல் ஜெர்மன் மருத்துவர் ஃப்ரெரிக்ஸ், ரத்தத்தில் தேங்கும் யூரியா அம்மோனியாவா மாறி விஷமாகுதுன்னு எழுதினார். விளக்கம் தப்பு, மோப்பம் சரி. உமிழ்நீர்ல வர்ற யூரியாவை வாயிலிருக்கும் பாக்டீரியா உடைக்குது, அதான் அந்த மூத்திர வாடை.

3/ அப்போ வாய் அந்த நிலைக்கு வந்தா ஆள் பிழைக்க மாட்டார். 1943-ல் நெதர்லாந்தில், நாஜி ஆக்கிரமிப்புக்கு நடுவுல, கோல்ஃப் என்ற டாக்டர் சாசேஜ் சுத்துற செலோஃபேன் உறையை வச்சு டயாலிசிஸ் மெஷின் செஞ்சார். வரிசையா நோயாளிகள் இறந்தாங்க. 1945-ல் 67 வயசு அம்மா ஒருத்தர் பிழைச்சார். ஆனா அது தற்காலிகமா நின்ன கிட்னி.

4/ நிரந்தரமா செயலிழந்தவங்களுக்கு வழி பிறந்தது 1960, சியாட்டில். ஸ்கிரிப்னர் கையில் டெஃப்லான் குழாய் பொருத்தினார். முதல் நோயாளி கிளைட் ஷீல்ட்ஸ் 11 வருஷம் வாழ்ந்தார். நம்ம ஊர்ல 1971-ல் வேலூர் சி.எம்.சி.யில் வெற்றிகரமான மாற்று சிறுநீரக ஆபரேஷன், இந்தியாவிலேயே முதல்.

5/ தாம்பரம்னா தாத்தா காலத்துல 1928-ல் வந்த டிபி சானடோரியம்தான் ஞாபகம் வரும். இப்போ ஜி.எஸ்.டி. ரோட்டுல டயாலிசிஸ் போர்டுகள். முதல்வர் காப்பீட்டுல டயாலிசிஸ் இருக்கு, 2016-ல் மத்திய அரசும் தேசியத் திட்டம் அறிவிச்சது. இதெல்லாம் பெரிய விஷயம், குறை சொல்லல.

6/ ஆனா ஆள் பல வருஷம் வாழ ஆரம்பிச்சதும் வாயும் கூடவே பல வருஷம் அவஸ்தைப்படுது. தண்ணி அளவு கட்டுப்பாடு, அதனால வறண்ட வாய். தாகம் தாங்காம குடிச்சா எடை ஏறும், மூச்சு வாங்கும். பல் காரை அதிகம் படியும். பிரஷருக்குத் தர்ற அம்லோடிபின் சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும். மாற்று கிட்னிக்கு அப்புறம் சைக்ளோஸ்போரின் தந்தா அதுவும் அப்படித்தான். சர்க்கரை இருந்தா கேட்கவே வேணாம். எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து கொடுக்கும்போது வாயில சீழ் இருந்தா, அந்தக் கிருமி ரத்தத்துல பரவும் ஆபத்து உண்டு.

7/ "டயாலிசிஸ்ல இருக்கறவருக்குப் பல் எடுக்கலாமா?"ன்னு பயந்து திருப்பி அனுப்புறவங்க உண்டு. எடுக்கலாம். டயாலிசிஸ் அன்னைக்கு வேணாம், ஹெப்பரின் ஓடியிருக்கும், ரத்தம் நிக்காது. மறுநாள் நல்லது. ஃபிஸ்டுலா இருக்கிற கையில பிரஷர் பார்க்கக் கூடாது. வலி மாத்திரையை நெஃப்ராலஜிஸ்ட்டைக் கேட்டுத்தான் தரணும்.

8/ அண்ணனுக்கு திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். வர்ற செவ்வாய் ரெண்டு பல்லும் எடுக்கறாங்க.