வெட்டியே வளர்த்த தொட்டி மரம்

முருங்கையை வெட்டிவிட்டால் பக்கத்தில் துளிர்க்கிறதல்லவா? தென்சீனத்துக் குவாங்சோ நகரில் 1930களில் இதையே கலையாக்கினாங்க. தொட்டி மரத்தைக் கயிறோ கம்பியோ கட்டி வளைப்பது மற்ற ஊர் வழக்கம். இங்கே கொங் தைச்சு போன்றவர்கள், பழைய ஓவியங்களில் பார்த்த மரம் வேணும் என்று அடிமரத்தையே அறுத்தாங்க.

வந்த துளிரில் ஒன்றை மட்டும் நிறுத்தி, நுனி கிள்ளாமல் ஓங்கவிடணும். கிள்ளினால் தண்டு பருக்காதுங்க. வெட்டுவாய்க்கு ஒத்த பருமன் வரவே சில வருஷமாகும். அப்புறம் அதையும் குட்டையாக அறுத்து, அடுத்த துளிர். அடி பெருத்து நுனி சிறுக்க இப்படிப் பல தடவை! வெப்பமும் மழையும் தாராளமான பூமி, அதனால் கைகூடியது.

1966-ல் கலாசாரப் புரட்சி கிளம்பியபோது, பணக்காரர் பொழுதுபோக்கு என்று எத்தனையோ தொட்டிகளை உடைச்சாங்க. தொட்டி போகட்டும், இருபது வருஷத்து வெட்டுவாய் எந்தச் சந்தையில் கிடைக்கும்? 1979-ல்தான் பெய்ஜிங் கண்காட்சியில் தொட்டி மரங்கள் மறுபடி வரிசை கட்டின.