சமாரியனும் மருத்துவ மாணவனும்: ஒரு வரலாற்று நோக்கு

லூக்கா நற்செய்தி 10ஆம் அதிகாரத்தில் உள்ள சமாரியன் உவமையை, அயலான் யார் என்னும் வினாவுக்கு விடையாகவே நாம் பெரும்பாலும் பிரசங்கிக்கிறோம். அவன் செய்தவற்றின் ஒழுங்கை உற்று நோக்குவோர் சிலரே. காயத்துக்குக் கட்டுப் போடுதல், மருந்திடுதல், வாகனத்தில் ஏற்றிச் செல்லுதல், விடுதிக்காரனிடம் ஒப்புவித்தல், மேற்செலவுக்குப் பொறுப்பேற்றல் ஆகிய இவை இன்றைய அவசர மருத்துவப் பணியின் படிகளே எனலாம். அச்சமாரியன் மருத்துவன் என்று உவமை எங்கும் கூறவில்லை என்பதும் நோக்கற்பாலது.

இக்கருத்தை ஏட்டளவில் விடாமல் நடைமுறைக்குக் கொணர்ந்தவருள் முதன்மையானவர் ஜெர்மானிய அறுவை மருத்துவரான பிரீட்ரிக் எஸ்மார்க் (1823–1908). கீல் பல்கலைக்கழகப் பேராசிரியராய் இருந்த அவர், தம் காலத்துப் போர்களில் காயமுற்றோருக்குச் சிகிச்சை செய்தவர். முக்கோணத் துணியால் கட்டுப் போடும் முறையைப் பரப்பியவர். உறுப்பை இறுக்கிக் குருதியை நிறுத்தும் கட்டு ஒன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. மருத்துவன் வந்து சேருமுன்னரே குருதி வடிந்து மாண்டவர் பலர் என்பதை அவர் அனுபவத்தால் அறிந்திருந்தார். இங்கிலாந்தில் 1877இல் தொடங்கப்பட்ட புனித யோவான் ஆம்புலன்ஸ் சங்கத்தின் பணியை 1881இல் இலண்டனில் கண்டு திரும்பியவர், மறு ஆண்டே கீல் நகரில் பொதுமக்களுக்கு முதலுதவி கற்பிக்கும் பள்ளியொன்றை நிறுவினார். அதற்கு அவர் இட்ட பெயர் ‘சமாரியப் பள்ளி’ என்பது. அவருடைய விரிவுரைகளை விக்டோரியா அரசியின் மகள் இளவரசி ஹெலெனா அதே 1882இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

மருத்துவருள் சிலர் இதை விரும்பவில்லை. அரைகுறை அறிவுடையோர் கையில் மருத்துவம் சிக்கிவிடும் என அஞ்சினர். மருத்துவன் வரும்வரை உயிரைக் காப்பதே சமாரியன் கடமை, அதற்கு மேல் அவன் செல்லலாகாது என்பதே எஸ்மார்க்கின் நிலை. அவ்வச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. ஆயினும் அறிவைக் காக்கும் ஆர்வமும் அறிவின்மேல் கொண்ட உரிமையைக் காக்கும் ஆர்வமும் ஒன்றாகக் கலந்துவிடுவது கற்றோர் நடுவே அரிதன்று. வேதாகமத்தைப் பொதுமக்கள் மொழியில் பெயர்த்தவர்கள் எதிர்கொண்ட ஆட்சேபங்களை நினைவுகூர்வோர் இதை எளிதில் உணர்வர்.

இனி அமெரிக்க நாட்டைக் காண்போம். அங்கு மருத்துவக் கல்வியின் உருவத்தை மாற்றியமைத்தவர் மருத்துவர் அல்லர். பள்ளி ஆசிரியராய் இருந்த ஆபிரகாம் பிளெக்ஸ்னர். அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவப் பள்ளிகளை ஆராய்ந்து அவர் எழுதிய அறிக்கை 1910இல் வெளியாயிற்று. ஆய்வுக்கூடமோ நோயாளியோ இன்றி, கட்டணம் வாங்கிப் பட்டம் வழங்கிய பள்ளிகள் அந்நாளில் மலிந்திருந்தமையால் அவ்வறிக்கை தேவையாகவே இருந்தது. 1893இல் தொடங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளியை மாதிரியாகக் கொண்டு, முதல் இரண்டாண்டு அடிப்படை அறிவியல், பின் இரண்டாண்டு மருத்துவமனைப் பயிற்சி என்னும் ஒழுங்கு நிலைபெற்றது.

இவ்வொழுங்கின் விளைவுகளில் இரண்டைக் குறிப்பிட வேண்டும். மருத்துவ மாணவன் பெரும்பாலும் மூன்றாம் ஆண்டு வரை நோயாளியின் அருகே செல்லாதவனானான். உடற்கூறு, உடலியங்கியல் ஆகியவற்றில் நூற்றுக்கணக்கான பக்கங்களைக் கற்றவன், தெருவில் ஒருவர் மூச்சற்று விழுந்தால் செய்வது அறியாது நிற்க நேர்ந்தது. மற்ற விளைவு இதனினும் வேதனைக்குரியது. அந்நாளில் கறுப்பின மாணவருக்கென இருந்த ஏழு மருத்துவப் பள்ளிகளுள் இரண்டே காக்கத்தக்கவை எனப் பிளெக்ஸ்னர் கருதினார். சில ஆண்டுகளில் ஹோவர்டு, மெஹாரி என்னும் இரண்டு மட்டுமே எஞ்சின. கறுப்பின மருத்துவர்கள் தம் இனத்தாருக்கே ஊழியம் செய்யவேண்டும், சுகாதாரப் பயிற்சியே அவர்களுக்கு முதன்மையானது என்ற அவர் எண்ணமும் அவ்வறிக்கையில் பதிவாகியுள்ளது.

ஐம்பதாண்டுகளுக்குப் பின் வரலாறு விசித்திரமாகத் திரும்பியது. 1966இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் வெளியிட்ட அறிக்கை, முந்தின ஆண்டில் மட்டும் விபத்துகளால் 1,07,000 பேர் மாண்டதை எடுத்துரைத்தது. ஆம்புலன்ஸ் சேவையில் ஏறத்தாழ பாதியைச் சவ அடக்கத் தொழில் செய்வோரே நடத்திவந்தனர் என்றும் அது கூறியது. படுத்த நிலையில் மனிதரை ஏற்றத்தக்க நீண்ட வண்டி அவர்களிடமே இருந்தது என்பதே காரணம்! பிட்ஸ்பர்க் போன்ற நகரங்களில் காவல்துறை வண்டிகளும் அப்பணியைச் செய்தன. நோயாளி பின்புறம் தனியே கிடப்பார். காவலர் முன்னிருக்கையில் அமர்ந்திருப்பார்.

அந்நகரில் பணியாற்றிய பீட்டர் சாபர், வாயோடு வாய் வைத்து மூச்சூட்டும் முறையின் பயனை 1950களில் ஆய்வுகளால் நிலைநாட்டியவர். 1966இல் தம் இளம் மகளை ஆஸ்துமாவுக்குப் பறிகொடுத்த துயரம் அவரை மருத்துவமனைக்கு வெளியே நோக்கச் செய்தது. 1967இல் பிட்ஸ்பர்க்கின் ஹில் பகுதியில் இயங்கிய ‘பிரீடம் ஹவுஸ்’ அமைப்புடன் இணைந்து, வேலையற்றோர் எனச் சமூகம் ஒதுக்கிவைத்த கறுப்பின ஆண்களைத் திரட்டி ஏறத்தாழ 300 மணி நேரப் பாடத்திட்டத்தில் பயிற்றுவித்தார். உயர்நிலைப் பள்ளிக் கல்வியை முடிக்காதோரும் அவர்களுள் இருந்தனர். உடற்கூறு, மூச்சுக்குழாய் பேணுதல், இதயத்தை இயக்குதல், மகப்பேற்றுக்கு உதவுதல் ஆகியவற்றைக் கற்று, வெள்ளையர் வாழும் தெருக்களுக்கும் அவர்கள் சென்றனர். தம்மைத் தொட வேண்டாம் என்று மறுத்த நோயாளிகளும் உண்டு. முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ 5,800 அழைப்புகளுக்கு அவர்கள் விரைந்தனர். 1974இல் அவர்களுக்கு மருத்துவ இயக்குநராய்ப் பொறுப்பேற்ற நான்சி கரோலைன், அவ்வண்டியிலேயே அவர்களோடு சென்று கற்பித்தார். அவ்வனுபவத்தினின்று எழுந்த அவரது பாடநூல் நாடெங்கும் பயன்பட்டது. ஆனால் 1975இல் நகராட்சி தன் சொந்தச் சேவையைத் தொடங்கி பிரீடம் ஹவுஸை மூடியது. புதிய அமைப்பில் சேர்க்கப்பட்டோருள் பெரும்பாலோர் நாளடைவில் விலக்கப்பட்டனர். முன்னோடிகளுக்கு நேர்ந்த இக்கதியைச் சில வரலாறுகள் ஒரே வாக்கியத்தில் கடந்து செல்வது நியாயமன்று.

மருத்துவப் பள்ளிகள் இப்பாடத்தை ஏற்க நெடுங்காலம் பிடித்தது. 2011இல் நியூயார்க்கின் லாங் தீவில் ஹோப்ஸ்ட்ரா பல்கலைக்கழகத்தில் திறக்கப்பட்ட மருத்துவப் பள்ளி, தன் முதல் 40 மாணவரையும் தொடக்க வாரங்களிலேயே அவசர மருத்துவ உதவியாளர் பயிற்சிக்கு அனுப்பியது. உடற்கூறு நூலை முழுதும் திறக்குமுன் அவர்கள் ஆம்புலன்ஸில் ஏறினர். 2012இல் தென் கரோலினாவின் கிரீன்வில்லில் தொடங்கிய பள்ளியும் அவ்வழியே சென்றது. நம் நாட்டிலும் 2019இல் இந்திய மருத்துவக் கவுன்சில் புகுத்திய புதிய பாடத்திட்டத்தின் தொடக்க மாதத்தில் முதலுதவியும் அடிப்படை உயிர்காப்பும் இடம்பெற்றன. ஆனால் வகுப்பறைப் பொம்மையின்மேல் பயில்வதும் வண்டியில் செல்வதும் ஒன்றல்ல.

இம்முறைக்கு ஆட்சேபம் இல்லாமல் இல்லை. மருத்துவராகப் போகிறவர் உதவியாளர் சான்றிதழைப் பெறுவது காலவிரயம் என்பர் சிலர். பல ஆண்டுகள் கழித்து மருத்துவராகும்போது அக்கைத்திறன் மறந்துபோகும் என்பதும் மெய்யே. எனினும் ஆம்புலன்ஸில் செல்லும் மாணவன் காண்பது மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் நோயை அன்று. மூன்றாம் மாடிப் படிக்கட்டு, வெறுமையான அடுக்களை, மாத்திரைப் புட்டிகள் சிதறிய மேசை, கதவோரம் கைபிசைந்து நிற்கும் மனைவி ஆகியவற்றை அவன் காண்கிறான். அங்கே அவனுக்கு ஆசான் பேராசிரியர் அல்லர். பட்டமில்லாத, பல ஆண்டு அனுபவமுள்ள ஆம்புலன்ஸ் ஊழியரே. நோயாளியின் தலைப்பக்கம் எங்கே மண்டியிடுவது, முதலில் எதைக் கேட்பது, எப்போது பேசாதிருப்பது என்பவற்றை அவன் அவரிடமே கற்கிறான்.