காற்றோடு போன கச்சேரிகள்

மலர்க் குழுவினர் "எதைப் பத்தி வேணும்னாலும் எழுது, ஆபீஸ் சமாச்சாரம் மட்டும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். அதனால் எனக்குப் பிடித்த பழைய அமெரிக்க ஸ்விங் இசையைப் பற்றி எழுதுகிறேன். ஜாஸ் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது பாதி சங்கீதம், பாதி எலெக்ட்ரானிக்ஸ். இரவு தோறும் வாசிக்கப்பட்டு, லட்சக்கணக்கான பேர் கேட்டு, அப்படியே காற்றோடு போய்விட்ட இசையின் கதை. அதில் கொஞ்சம் எப்படித் தப்பிப் பிழைத்தது என்பதுதான் முக்கியம்.

ரேடியோவுக்குத் தீனி

1920 நவம்பர் 2-ஆம் தேதி பிட்ஸ்பர்க் நகரின் கே.டி.கே.ஏ. நிலையம் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் முடிவுகளை ஒலிபரப்பியது. அதன் பிறகு ரேடியோ மோகம் காட்டுத்தீ மாதிரி பரவியது. 1926-இல் என்.பி.சி.யும் 1927-இல் சி.பி.எஸ்.ஸும் வந்தன. ஊர் ஊராக இருந்த நிலையங்களை டெலிபோன் கம்பிகளால் கோத்து, ஒரே நிகழ்ச்சியை நாடு முழுக்கக் கொடுத்தன.

கம்பி போட்டாயிற்று. இரவு நேரத்தை எதை வைத்து நிரப்புவது? இசைத்தட்டு போடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். பெரிய நெட்வொர்க்குகள் அதைக் கௌரவக் குறைச்சலாக நினைத்தன. 1940-களின் பிற்பகுதி வரை அநேகமாக எல்லாமே நேரடி ஒலிபரப்புதான். அதனால் ராத்திரி 11 மணிக்கு மேல் ஹோட்டல்களிலும் நடன அரங்குகளிலும் வாசிக்கும் பாண்டுகளை அங்கிருந்தே ஒலிபரப்பினார்கள். இதற்கு 'ரிமோட்' என்று பெயர். சபாக் கச்சேரியை நம்ம ஆகாசவாணி நேரடியாக அஞ்சல் செய்வது மாதிரிதான்.

ஏற்பாடு ரொம்ப எளிமை. மேடையில் ஒன்றிரண்டு மைக். பக்கத்தில் சின்ன ஆம்ப்ளிஃபயர் பெட்டியோடு ஓர் இன்ஜினியர். அங்கிருந்து ஸ்டூடியோவுக்கு வாடகைக்கு எடுத்த ஒரு டெலிபோன் லைன். ஆரம்பத்தில் கார்பன் மைக், இரைச்சல் ஜாஸ்தி. பிறகு கண்டென்சர் வந்தது. 1930-களின் தொடக்கத்தில் ஆர்.சி.ஏ.வின் ரிப்பன் மைக் வந்தது. காந்தத்தின் இரு துருவங்களுக்கு நடுவே மெல்லிய அலுமினிய நாடா ஒன்று அதிரும். முன்னாலும் பின்னாலும் வரும் சத்தத்தைக் கேட்கும். பக்கவாட்டில் வருவதைக் கண்டுகொள்ளாது. இந்தக் காலம் மாதிரி ஆளுக்கொரு மைக், 24 சேனல் மிக்ஸர் எல்லாம் கிடையாது. டிரம்பெட் தூக்கலாகக் கேட்டால், வாசிக்கிறவரைத்தான் நாற்காலியோடு பின்னால் தள்ளணும்.

இயற்கையும் ஒத்தாசை செய்தது. பகலில் அயனி மண்டலத்தின் அடியிலுள்ள 'டி' அடுக்கு மத்திய அலையை உறிஞ்சிவிடும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கரைந்துபோகும். அலை மேலே போய்ப் பிரதிபலித்து, நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால் இறங்கும். ராத்திரியில் இலங்கை வானொலியைத் துல்லியமாகக் கேட்ட நம்ம அப்பா அம்மாவுக்கு இது புதுசில்லை. காரணம் தெரியாமலே அனுபவித்திருக்கிறார்கள்.

ஸ்விங் என்றால் என்ன?

பெரிய பாண்டில் பதினான்கு, பதினைந்து பேர் இருப்பார்கள். டிரம்பெட் கோஷ்டி கேள்வி கேட்கும், சாக்ஸஃபோன் கோஷ்டி பதில் சொல்லும். நடுவில் ஒருவர் எழுந்து நின்று மனோதர்மமாக வாசிப்பார். கீழே பாஸும் டிரம்ஸும் நாலு நாலாக நடை போட்டுக்கொண்டே இருக்கும். அந்த நடையைக் கடிகாரம் மாதிரி வாசித்தால் ஸ்விங் வராது. ஒரு துளி இழுத்து, ஒரு துளி விட்டு வாசிக்கணும். எழுதி வைத்தது பாதி, அன்றைக்கு வந்தது பாதி.

ஆனால் 10 அங்குல, 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் 3 நிமிஷம்தான் அடங்கும். ராகம் தானம் பல்லவியை 3 நிமிஷத்தில் முடிக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? ரிமோட்டில் அந்தக் கெடுபிடி இல்லை. எதிரே ஜனங்கள் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். மனசு இருக்கும்வரை வாசிக்கலாம். ஆக, இந்த இசையின் நிஜமான முகம் இசைத்தட்டில் இல்லை, காற்றில்தான் இருந்தது.

குரலுக்கு நிறமில்லை, விளம்பரத்துக்கு உண்டு

1927 டிசம்பரில் நியூயார்க் ஹார்லெமின் காட்டன் கிளப்பில் டியூக் எலிங்டனின் பாண்டு சேர்ந்தது. மேடையில் வாசித்ததும் ஆடியதும் கறுப்பினக் கலைஞர்கள். மேஜைகளில் உட்கார்ந்து பார்க்க வெள்ளையர்களுக்கு மட்டுமே அனுமதி. ஆனால் மேடையில் இருந்த மைக் அந்தக் கதவைத் தாண்டிவிட்டது. உள்ளே விடப்படாத அவருடைய சொந்த ஜனங்களும் வீட்டில் உட்கார்ந்து அவரைக் கேட்டார்கள். எலிங்டன் நாடறிந்த பெயரானதில் அந்த ஒலிபரப்புகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

சிகாகோவின் கிராண்ட் டெரஸிலிருந்து ஏர்ல் ஹைன்ஸின் பியானோ ஒலிபரப்பானது. அதைக் கேட்டுக் கேட்டுப் பழகிய உள்ளூர்ப் பையன்களில் ஒருவன்தான் பின்னாளில் நாட் கிங் கோல். 1936-இல் தயாரிப்பாளர் ஜான் ஹாமண்ட் சிகாகோவில் தன் கார் ரேடியோவைத் திருகியபோது, தூரத்துக் கான்சாஸ் சிட்டியிலிருந்து கவுன்ட் பேஸி பாண்டு வந்து விழுந்தது. நேரே போய் அவர்களைப் பார்த்தார். அந்த வருஷமே பேஸி பாண்டு கான்சாஸ் சிட்டியை விட்டு வெளியுலகத்துக்குக் கிளம்பியது.

எல்லாம் சரி, காசு? விளம்பரதாரர் பணம் கொடுக்கும் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் வெள்ளை பாண்டுகளுக்கே போயின. கறுப்பின பாண்டுகளுக்குக் கிடைத்தது விளம்பரமில்லாத நள்ளிரவு ரிமோட். 1937-இல் லூயி ஆம்ஸ்ட்ராங் சில வாரங்கள் ஒரு விளம்பர நிகழ்ச்சியை நடத்தினார். தேசிய நெட்வொர்க்கில் அப்படி நடத்திய முதல் கறுப்பினக் கலைஞர் அவர்தான்.

பென்னி குட்மன் கதையிலும் இதே முரண் இருக்கிறது. 1934 டிசம்பரில் 'லெட்ஸ் டான்ஸ்' என்ற என்.பி.சி. நிகழ்ச்சி ஆரம்பித்தது. ஒரு பிஸ்கட் கம்பெனி விளம்பரதாரர். சனிக்கிழமை தோறும் 3 மணி நேரம், மூன்று பாண்டுகள். அதில் குட்மனுடையது ஒன்று. அவர் வாசித்த சிறந்த உருப்படிகளில் பலவற்றை அமைத்துக் கொடுத்தவர் ஃப்ளெட்சர் ஹெண்டர்சன் என்ற கறுப்பின மேதை. நியூயார்க்கில் குட்மன் சூடாக வாசிக்கும் நேரம் நள்ளிரவு தாண்டிவிடும்; பாதி ஊர் தூங்கிவிடும். மேற்குக் கரையில் கடிகாரம் 3 மணி நேரம் பின்னால். அங்கே இளவட்டங்கள் விழித்திருந்து கேட்டார்கள். இது குட்மனுக்கே தெரியாது!

1935 மே மாதம் நிகழ்ச்சி நின்றது. பாண்டு ஊர் ஊராகப் போய்ப் பல இடங்களில் அடி வாங்கியது. ஆகஸ்ட் 21-ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸின் பலோமார் அரங்கில், முதலில் பயந்து பயந்து மெதுவாக வாசித்தார்கள். பிறகு, நடப்பது நடக்கட்டும் என்று ஹெண்டர்சன் அமைப்புகளை எடுத்தார்கள். கூட்டம் மேடையை நோக்கிப் பாய்ந்தது. ஸ்விங் யுகம் அன்றைக்குப் பிறந்தது என்று எழுதுகிறார்கள். பெயர் குட்மனுக்கு, உழைப்பில் பெரும்பங்கு ஹெண்டர்சனுக்கு. ஆனாலும் ஒன்று சொல்லணும். நிறம் பார்க்கும் அந்தக் காலத்திலேயே டெடி வில்சனையும் லயனல் ஹாம்ப்டனையும் தன் பக்கத்தில் மேடையேற்றியவர் குட்மன். 1938 ஜனவரி 16-இல் கார்னெகி ஹாலிலும் அவர்கள் இருந்தார்கள்.

தப்பிப் பிழைத்தவை

1942 ஆகஸ்ட் 1 முதல் இசைக் கலைஞர்கள் சங்கம் இசைத்தட்டுப் பதிவைப் புறக்கணித்தது. எந்திரம் எங்கள் பிழைப்பைத் தின்கிறது, பங்கு கொடு என்பது கோரிக்கை. நியாயம்தான். பெரிய கம்பெனிகள் சில இறங்கிவர 1944 நவம்பர் ஆயிற்று. இடையில் 1943-இல் ஏர்ல் ஹைன்ஸ் பாண்டில் சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும் ஒன்றாக வாசித்தார்கள். அந்த பாண்டுக்கு ஒரு இசைத்தட்டுகூடக் கிடையாது. போனது போனதுதான்.

சிலது மட்டும் தப்பியது. காப்பாற்றியவர்கள் நம்ம ஜாதி, அதாவது சால்டரிங் அயர்ன் பிடித்த ஜாதி. 1940 நவம்பர் 7-ஆம் தேதி வடக்கு டகோடாவின் ஃபார்கோ ஊரில் எலிங்டன் ஒரு நடன நிகழ்ச்சிக்கு வந்தார். ஜாக் டவர்ஸ், டிக் பர்ரிஸ் என்ற இரண்டு இளம் ரசிகர்கள் முன்கூட்டியே அனுமதி வாங்கி, தட்டு வெட்டும் எந்திரத்தையும் மைக்குகளையும் தூக்கிக்கொண்டு போனார்கள். விற்கக் கூடாது என்பது நிபந்தனை. 16 அங்குலத் தட்டுகளில் அந்த இரவு பதிவானது. பாஸ் வாசித்த ஜிம்மி பிளான்டன் 1942-இல் காசநோயில் இறந்துபோனார், வயது 23. அவர் விரல்கள் நடன அரங்கில் எப்படி நடந்தன என்பது இன்று நமக்குத் தெரிகிறதென்றால் அந்த இரண்டு பேரால்தான். பதிவு 1978-இல் முறைப்படி வெளியாகி, 1980-இல் கிராமி விருதும் வாங்கியது.

இன்னொருவர் வில்லியம் சேவரி. 1930-களின் பிற்பகுதியில் நியூயார்க்கில் ரேடியோ நிகழ்ச்சிகளைத் தட்டில் பதியும் வேலை. பிடித்த கச்சேரிகளைத் தனக்கென்றும் பதிந்து வைத்தார். சுமார் 1,000 தட்டுகள். ஏறக்குறைய யாருக்கும் போட்டுக் காட்டவில்லை. 2004-இல் காலமானார். 2010-இல் ஹார்லெமிலுள்ள தேசிய ஜாஸ் அருங்காட்சியகம் அவர் மகனிடமிருந்து வாங்கியது. கோல்மன் ஹாக்கின்ஸ் 'பாடி அண்ட் சோல்' பாட்டை இசைத்தட்டில் நிறுத்திய இடத்துக்கு அப்பாலும் வாசித்துக்கொண்டே போவதை அதில் கேட்கலாம். ஆனால் எல்லாம் மீளவில்லை. அலுமினியத் தகட்டின் மேலிருந்த அரக்குப் பூச்சு 70 வருஷத்தில் சுருங்கி, விரிசல் விட்டு, செதிலாக உரிந்துபோனதும் உண்டு. இன்னும் பத்து வருஷம் முன்பே வெளியே எடுத்திருக்கலாமே என்று யாருக்கும் தோன்றும்.

நம்ம பரண்

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒன்று, சீனியர் அண்ணன் அக்காக்களுக்கு ஒன்று.

அந்த இரண்டு ரசிகர்களும் சேவரியும் செய்தது பெரிய ஆராய்ச்சி இல்லை. கையில் இருந்த கருவியை, நல்லது நடக்கும் இடத்துக்குக் கொண்டுபோனார்கள். தேதி, இடம் குறித்து வைத்தார்கள். இன்றைக்கு எல்லோர் பாக்கெட்டிலும் ரெக்கார்டர் இருக்கிறது. யார் பாடினார், எந்த வருஷம் என்று எழுதி வைக்கத்தான் ஆளில்லை.

சீனியர்களே, உங்க பரணில் 80-கள், 90-களின் கல்லூரி விழா கேசட்டுகள் கட்டாயம் இருக்கும். நம்ம ஊர் ஈரத்தில் நாடாவில் பூஞ்சை பிடிக்கும். என் பேட்ச் காலத்து சி.டி.க்களும் சாசுவதமில்லை. சும்மா போட்டுப் பார்க்காதீர்கள். ஹெட்டைத் துடைத்துவிட்டு, முதல் ஓட்டத்திலேயே கம்ப்யூட்டரில் ஏற்றுங்கள். முடியாவிட்டால் சங்கத்திடம் கொடுங்கள், நான் ஏற்றித் தருகிறேன். அந்த கேசட்டுகளில் பாடிய, மைக்கில் பேசிய, பின்வரிசையில் விசில் அடித்த சிலர் இப்போது நம்மோடு இல்லை. அவர்கள் குரல் அந்த நாடாவில் மட்டும்தான் இருக்கிறது.

— ஈ.சி.ஈ., 2009 பேட்ச்