ஆலம்பரை, புதுச்சேரி அழிப்பு (1760–61)

மூன்றாம் கருநாடகப் போரில் வென்ற ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி, பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடித்த ஆலம்பரைக் கோட்டையைச் சிதைத்ததும், சரணடைந்த புதுச்சேரி நகரைத் தரைமட்டமாக்கியதும் இத்தலைப்பில் அடங்கும். ஆலம்பரை, மரக்காணம் உப்பளங்களுக்கு வடக்கே கடப்பாக்கத்தை ஒட்டி உள்ளது. புதுச்சேரி அதே உப்பளங்களுக்குத் தெற்கே ஏறத்தாழ 35 கி.மீ. தொலைவில் இருக்கிறது. போர்க்குற்றம் என்ற பெயரில் யாரையும் தண்டிக்கும் சட்டம் அப்போது கிடையாது. ஆனால் தேவையில்லாமல் நாட்டைப் பாழாக்குவது தகாது என்ற கருத்து இருந்தது. சுவிஸ் நாட்டு அறிஞர் வத்தேல் 1758இலேயே தம் சர்வதேசச் சட்ட நூலில் அதை எழுதிவிட்டார். ஆகவே அந்தக் காலத்தில் அது சகஜம் என்று சொல்லித் தள்ளிவிட முடியாது.

ஆலம்பரைக் கோட்டை முகலாயர் காலத்தது. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டியது. கடலுக்குள் நீண்ட படகுத்துறையும் நாணயச்சாலையும் இருந்தன. சரிகைத் துணி, உப்பு, நெய் ஆகியவை இங்கிருந்து கப்பலேறின. 1735இல் ஆர்க்காட்டு நவாப் தோஸ்த் அலி கான் வசம் இருந்த கோட்டையைத் தக்காணச் சுபேதார் முசாபர் ஜங் 1750இல் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேவுக்குப் பரிசாகக் கொடுத்தார். பத்தே ஆண்டுகள்தான் அது பிரெஞ்சுக்காரரிடம் இருந்தது. 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் பிரெஞ்சுத் தளபதி லாலியைத் தோற்கடித்த ஆங்கிலேயத் தளபதி அயர் கூட், ஆர்க்காடு, திண்டிவனம், பெருமுக்கல் என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு கடற்கரைக்கு வந்தார். ஆலம்பரையும் விழுந்தது. கோட்டை இடிக்கப்பட்டது. மிச்சமிருந்த சுவர்களில் சிலவற்றை 2004 சுனாமி கொண்டுபோனது.

புதுச்சேரி முற்றுகை 1760 செப்டம்பரில் தொடங்கியது. கடல் வழியை ஆங்கிலேயக் கப்பல்கள் அடைத்துவிட்டன. நவம்பரில் நகருக்குள் தானியம் தீர்ந்துகொண்டிருந்தது. 27ஆம் தேதி, பெரிய வீடுகளில் வேலைக்கிருந்த சிலரைத் தவிர, நகரில் எஞ்சியிருந்த இந்தியர் அனைவரையும் லாலி வெளியே விரட்டினார். ஆணும் பெண்ணும் குழந்தைகளும் கிழவர்களுமாக 1,400 பேர் என்று கம்பெனியின் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் கணக்கு எழுதியிருக்கிறார். குடும்பம் குடும்பமாக அவர்கள் ஆங்கிலேயர் காவல் வரிசைக்குப் போனார்கள், அங்கே வழிவிடவில்லை. கோட்டைக்கே திரும்பி வந்து உள்ளே விடச் சொல்லிக் கெஞ்சினார்கள்; உள்ளிருந்து துப்பாக்கியாலும் பீரங்கியாலும் சுட்டார்கள். இரு வரிசைகளுக்கும் இடையில், வெட்டவெளியில், ஒரு வாரம் போலக் கிடந்தார்கள். வேருக்கும் புல்லுக்கும் மண்ணைக் கிளறினார்கள். அதுவும் மழைக்காலம். கடைசியில்தான் கூட் அவர்களை வெளியே போக விட்டார்.

இங்கே குற்றம் யாருடையது? விரட்டியவர், சுட்டவர் லாலியின் ஆட்கள். ஆனால் பசியை ஆயுதமாக்கியதும், பசித்து வந்தவர்களை ஒரு வாரம் திருப்பி அனுப்பியதும் வென்ற பக்கம். இதைச் சட்டம் குற்றமாகக் கருத வெகுகாலம் பிடித்தது. 1863இல் அமெரிக்க உள்நாட்டுப் போருக்காக எழுதப்பட்ட லீபர் விதித்தொகுப்பு, முற்றுகையிலிருந்து வெளியேற்றப்பட்டோரை மீண்டும் உள்ளே துரத்தலாம், அப்போதுதான் சரணடைவு விரைவாகும் என்று அனுமதித்தது. லெனின்கிராடிலிருந்து தப்பிவரும் மக்கள்மீது பீரங்கி சுடச் சொன்ன கட்டளைக்காக ஜெர்மானியத் தளபதி லேப் மீது நியூரம்பெர்க்கில் வழக்கு வந்தபோதுகூட, 1948இல் நீதிபதிகள் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து அவரை விடுவித்தார்கள். சட்டம் அப்படித்தான் இருக்கிறது என்று வருத்தத்தோடு சொன்னார்கள். பொதுமக்களைப் பட்டினி போடுவதைப் போர் முறையாகக் கொள்ளக் கூடாது என்ற தெளிவான தடை 1977இன் ஜெனீவா கூடுதல் நெறிமுறைகளில்தான் வந்தது.

1761 ஜனவரி 1ஆம் தேதியையொட்டி அடித்த புயலில் முற்றுகைக் கப்பல்கள் பல மூழ்கின. அதுவும் நகரைக் காப்பாற்றவில்லை. ஜனவரி 16 அன்று ஆங்கிலேயர் உள்ளே நுழைந்தார்கள். உடனே வென்றவர்களுக்குள் தகராறு. ஊர் மன்னருக்கா, கம்பெனிக்கா? சென்னை ஆளுநர் ஜார்ஜ் பிகாட், கம்பெனியிடம் ஒப்படைக்காவிட்டால் படைக்குப் பணம் தர முடியாது என்றார். கூட் விட்டுக்கொடுத்தார். பிகாட் இடிக்கச் சொன்னார். கோட்டை மட்டும் போகவில்லை. மாளிகைகள், மாதா கோயில்கள், வீடுகள் எல்லாம் போயின. சில மாதங்களில் கூரையோடு நின்ற கட்டடம் ஏறக்குறைய இல்லை. சண்டை முடிந்து, எதிரி ஆயுதம் வைத்த பிறகு நடந்த வேலை இது. போரின் கட்டாயத் தேவை இல்லாமல் எதிரியின் உடைமையை அழிக்கக் கூடாது என்ற 1907 ஹேக் விதியை இதன்மேல் வைத்துப் பார்த்தால், கோட்டை மதிலுக்கு ஏதாவது வாதம் சொல்லலாம். வீடுகளுக்குச் சொல்ல முடியாது.

கம்பெனி சொன்ன காரணம் பழிக்குப் பழி. 1758 ஜூனில் கடலூர்ப் பக்கத்துச் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்த லாலி, அதை இடித்துத் தள்ளியிருந்தார். ஆங்கிலேயர் குடியேற்றங்களை அழிக்கும்படி பிரான்ஸிலிருந்து அவருக்கு வந்த கட்டளைகளும் ஆங்கிலேயர் கையில் சிக்கியிருந்தன. லாலி நல்லவர் என்று யாரும் வாதாட வேண்டியதில்லை: அதே ஆண்டு தஞ்சைக்குப் போகும் வழியில் கீழ்வேளூரில் கோயில் அந்தணர் ஆறு பேரை உளவாளிகள் என்று பீரங்கி வாயில் கட்டிச் சுட்டவர் அவர். அதற்கு முன் 1748இல் புதுச்சேரி வேதபுரீசுவரர் கோயிலைப் பிரெஞ்சுக்காரர் இடித்ததை, அவர்களிடம் துபாசியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். அந்த நாட்குறிப்பு 1761 ஜனவரியோடு நின்றுபோகிறது. பிள்ளை அம்மாதமே இறந்தார்.

தண்டனை என்று பார்த்தால் ஒரே ஒருவருக்குத்தான் கிடைத்தது. அவர் தோற்றவர், தண்டித்தது அவருடைய சொந்த நாடு. மன்னரின் நலனுக்குத் துரோகம் செய்தார் என்று சொல்லி 1766 மே 9 அன்று பாரிசில் லாலியின் தலையை வெட்டினார்கள். கீழ்வேளூருக்காக யாரும் கேட்கவில்லை, 1,400 பேருக்காகவும் கேட்கவில்லை. பிரெஞ்சு எழுத்தாளர் வோல்தேர் போராடி 1778இல் அந்தத் தீர்ப்பு ரத்தானது. பிகாட்டுக்குப் பட்டம் கிடைத்தது. கூட்டுக்கு லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் நினைவுச் சின்னம்.

வென்றவரை விசாரிக்க ஆளில்லாத இந்த நிலை நம் காலத்திலும் மாறிவிடவில்லை. ஐ.நா. பொதுச்செயலர் பான் கி மூன் அமைத்த மூவர் குழு 2011இல் தந்த அறிக்கை, இலங்கைப் போரின் கடைசி மாதங்களில் அரசுப் படை பாதுகாப்பு வலயங்கள்மீதும் மருத்துவமனைகள்மீதும் எறிகணை வீசியது, வன்னிக்கு உணவும் மருந்தும் போகாமல் தடுத்தது என்ற குற்றச்சாட்டுகள் நம்பத்தக்கவை என்றது. 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்றும் சொன்னது. வெளியேற முயன்ற மக்களை விடுதலைப் புலிகள் சுட்டார்கள் என்பதும் அதே அறிக்கையில் உண்டு. அந்தப் போர் முடிந்த முள்ளிவாய்க்காலில் நின்றவர்களுக்கும் முன்னும் பின்னும் துப்பாக்கிதான் இருந்தது.

1763 பாரிஸ் உடன்படிக்கையால் புதுச்சேரி பிரான்சுக்குத் திரும்பியது. பிரெஞ்சு ஆளுநர் லா தெ லொரிஸ்தோன் 1765இல் இடிபாடுகளைப் பெற்றுக்கொண்டு நகரைக் கட்டத் தொடங்கினார். இன்று வெள்ளையர் பகுதி என்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்ளும் தெருக்களில் நிற்பவை அதற்குப் பிந்திய கட்டடங்கள். வென்றவரின் நிபந்தனைகள் பிறகு உப்பையும் தொட்டன: 1818 ஒப்பந்தத்தில், ஆண்டுக்கு 4,000 வராகன் பெற்றுக்கொண்டு பிரெஞ்சுப் பகுதிகளில் உப்பு விளைவிப்பதை நிறுத்தப் பிரான்ஸ் ஒப்புக்கொண்டது.

புதுச்சேரிக் கோட்டை மறுபடி எழவில்லை. அந்த இடத்தில் பாரதி பூங்கா இருக்கிறது. ஆலம்பரையைப் பார்க்க விரும்புவோர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடப்பாக்கத்தில் இறங்கிக் கடல் பக்கம் போக வேண்டும்.