மலாக்காவின் முடி சரிந்தது ஏன்?

புலாவ் செபாங் புகைவண்டி நிலையத்தில் இறங்கி மலாக்கா நகருக்குச் செல்வோர், குன்றின் அடிவாரத்தில் தனித்து நிற்கும் பழைய கோட்டை வாயிலைக் காணாது திரும்புவதில்லை. அக்கோட்டையைப் போர்த்துகீசியர் எழுப்புவதற்கு முன்னர், அக்குன்றின் பக்கத்தே சுல்தான் மஹ்மூத் ஷாவின் அரண்மனை இருந்தது. 1488-இல் அரியணை ஏறிய அவர், 1511-இல் அதனை விட்டு ஓட நேர்ந்தது. பகைவரின் பீரங்கிகளே இதற்குக் காரணம் என்று கூறி அமைவது எளிது. ஆனால், மலாக்காவிலும் பீரங்கிகள் இருந்தன, யானைப்படையும் இருந்தது. வந்த பகைவரோ ஏறக்குறைய 1,200 பேரே. ஆகவே, காரணத்தை அரசின் உள்ளேயும் தேடுதல் வேண்டும்.

மலாக்கா விளைநிலத்தால் வாழ்ந்த நாடன்று. வணிகர் அதன்பால் வைத்த நம்பிக்கையால் வாழ்ந்த துறைமுகம். அங்கே 84 மொழிகள் பேசப்பட்டன என்று தோமே பிரேஸ் என்னும் போர்த்துகீசியர் எழுதிவைத்தார். குஜராத்தியர், தென்னிந்தியர், ஜாவானியர், சீனர் முதலியோரின் வணிகத்தைக் கவனிக்க ஷாபந்தர் எனப்படும் துறைமுக அதிகாரிகள் நால்வர் இருந்தனர். நீதி தவறாது என்னும் உறுதியே அவ்வணிகரை அங்கே நிறுத்தியது.

அவ்வுறுதி 1510-இல் குலைந்தது. முதலமைச்சராகிய பெண்டகாரா துன் முத்தாஹிர், தென்னிந்திய முஸ்லிம் மரபில் வந்தவர். செல்வத்தாலும் செல்வாக்காலும் உயர்ந்தவர். அவர் அரியணையைக் கவர எண்ணுகிறார் என்று ராஜா முதலியார் என்னும் வணிகர் கடற்படைத் தலைவருக்குக் கையூட்டு அளித்துக் கோள் மூட்டினார் என்கிறது ‘செஜாரா மெலாயு’. விசாரணை ஏதுமின்றிப் பெண்டகாராவும் அவர் குடும்பத்து ஆடவரும் கொல்லப்பட்டனர். பின்னர் உண்மை வெளிப்பட்டது. கோள் சொன்னவரும் கொலையுண்டார். மனம் நொந்த சுல்தான் ஆட்சியை மகன் அகமதுவிடம் ஒப்படைத்தார் என்றும் அந்நூல் கூறும். போர் மேகம் சூழ்ந்த வேளையில், அரசின் தலைமையே இவ்வாறு சிதறிக் கிடந்தது.

போருக்கான வித்து 1509-இலேயே ஊன்றப்பட்டிருந்தது. வணிகம் நாடி வந்த செக்வேராவின் ஆட்களைப் பிடிக்க மலாக்கா அரசு முயன்றது. ஏறக்குறைய 20 பேர் சிறைப்பட்டனர். போர்த்துகீசிய ஏடுகள் ‘நினாசத்து’ என்று குறிக்கும் தமிழ் இந்து வணிகர், அச்சிறையாளருக்கு உதவினார். நகரின் நிலையை விவரித்து அவர்கள் எழுதிய மடல், இந்தியாவிலிருந்த அல்புகெர்க்கை எட்டியது.

1511 ஜூலையில் அல்புகெர்க் வந்து சேர்ந்தார். ஜூலை 25-இல் முதல் தாக்குதல் நடந்தது. ஆற்றுப் பாலத்தருகே அரசர் தரப்பினர் யானை மீதமர்ந்து வீரமுடன் பொருதனர். ஆனால், சீன வணிகர் பகைவருக்குப் படகு தந்தனர். ஜாவானியத் தலைவர் உத்திமுத்தி ராஜா இரு தரப்பையும் நோக்கிக் காத்திருந்தார். ஆகஸ்டில் நகரம் வீழ்ந்தது. கொள்ளையின்போது நினாசத்துவின் இல்லம் காக்கப்பட்டது.

1917 மார்ச்சில் ருஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கோலஸும் போர்க்காலத்திலேயே முடிதுறந்தார். பெத்ரோகிராடில் திரண்டெழுந்த மக்களைச் சுட மறுத்துப் படைவீரரே மக்களோடு சேர்ந்தனர். தளபதிகளும் முடிதுறக்குமாறே கூறினர். மலாக்காவில் அத்தகைய புரட்சி எழவில்லை. அரசுக்குத் தோள் கொடுக்க வேண்டியோர் பலர் விலகி நின்றனர், அவ்வளவே. கிளர்ச்சி மட்டுமன்று, விலகி நிற்றலும் முடியைச் சாய்க்க வல்லது.

மஹ்மூத் பின்வாங்கி, பகாங் வழியே பிந்தானை அடைந்தார். 1526-இல் அதையும் இழந்து, 1528-இல் கம்பாரில் மறைந்தார். அவருடைய மைந்தர் வழியில் ஜொகூர், பேராக் அரசுகள் தோன்றின. மலாக்கா மட்டும் மீளவில்லை.

புதிய ஆட்சியாளரிடம் பெண்டகாரா பதவி பெற்ற நினாசத்துவின் முடிவும் எண்ணத்தக்கது. 1514-இல் அப்பதவி பறிக்கப்படவே, அவர் தீ வளர்த்து அதனுள் உயிர் நீத்தார். நீதியின்றித் தன் அமைச்சரை அழித்த அரசு, நெருக்கடியில் துணையின்றி நின்றது. அதனைக் கைவிட்டு அயலாரை நம்பியவருக்கும் நீதி கிட்டவில்லை. குன்றடியில் நிற்கும் அவ்வாயில் இவ்விரு தோல்விகளுக்கும் சான்று.