பகலில் கேட்டதை இரவில் எழுதியவர்

சென்ற மார்கழியில் நம்மிடம் முதுகலை பயிலும் மாணவி ஒருவர் இரண்டு பக்க அச்சுத்தாளைக் கொண்டுவந்து தந்தார். திருவாய்மொழியின் ஈட்டு உரை பற்றி இணையத்தில் கிடைக்கும் இரண்டு மணி நேரச் சொற்பொழிவுக் காணொளி ஒன்றின் முகவரியைச் செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றிடம் கொடுத்து, அது பிழிந்து தந்த சாரத்தை அச்செடுத்திருந்தார். நடையில் பழுதில்லை. ஆனால் இரண்டாம் பத்தியில், திருவரங்கத்தில் 36,000 படிகள் அமைக்கப்பட்டதாக ஒரு செய்தி இருந்தது. உச்சிப்பிள்ளையாரைக் காண ஏறுவதற்கே மூச்சு வாங்கும் நமக்குத் தலை சுற்றியது. இன்னும் கீழே 'ஈடு' என்பதற்கு அடமானம் என்று விளக்கம் வேறு.

சிரித்துவிட்டோம். பிறகு சிரிப்பு நின்றது. ஒருவர் பேசியதைக் கேட்டு இன்னொருவர் எழுத்தாக்கித் தருவதும், அதைப் பெற்று மூன்றாமவர் கற்பதும் அரங்கத்துக்குப் புதியதா என்ன? அந்த மாணவி கேட்ட ஈடே அவ்வாறு பிறந்த நூல்தானே?

வாசகர் சிலருக்குத் தெரிந்திருக்கலாம், எனினும் சொல்லிவிடுவோம். உரைநூல்களின் அளவைக் குறிக்கும் 'படி' என்பது 32 எழுத்துக் கொண்ட ஓர் அலகு. திருவாய்மொழிக்கு ஐந்து பேருரைகள் உண்டு. திருக்குருகைப்பிரான் பிள்ளானுடையது ஆறாயிரப்படி. நஞ்சீயருடையது ஒன்பதினாயிரப்படி. வாதிகேசரி அழகிய மணவாள சீயருடையது பன்னீராயிரப்படி. பெரியவாச்சான் பிள்ளையுடையது இருபத்து நாலாயிரப்படி. வடக்குத் திருவீதிப்பிள்ளை எழுதியது முப்பத்தாறாயிரப்படி. இதனையே ஈடு என்பர். பெருக்கிப் பார்த்தால் பதினொன்றரை இலட்சம் எழுத்துகளுக்கு மேல். அத்தனையும் ஒருவர் செவியால் கேட்டு, ஓலையில் கீறியவை.

கேட்கப்பட்டவர் நம்பிள்ளை. 13ஆம் நூற்றாண்டில் திருவரங்கத்தில் அவர் திருவாய்மொழிக்குப் பொருள் சொல்லக் கூடிய கூட்டம் கலைந்து வருவதைக் கண்ட அரசன் ஒருவன், இது நம்பெருமாளைச் சேவித்து வரும் கூட்டமா, நம்பிள்ளையைக் கேட்டு வரும் கூட்டமா என வியந்ததாக ஒரு செய்தி உண்டு. அக்கூட்டத்தில் ஒருவராக அமர்ந்திருந்த வடக்குத் திருவீதிப்பிள்ளை, பகலில் கேட்டதை ஒவ்வோர் இரவும் வீட்டில் எழுதி வைத்தார். ஆசிரியரிடம் சொல்லவில்லை. ஒருநாள் நம்பிள்ளை அவர் இல்லத்துக்கு எழுந்தருளியபோது பூசையறையில் ஓலைக் கட்டுகளைக் கண்டார். எடுத்துப் படித்தார். தாம் சொன்னவை சொன்னபடியே இருந்தன. ஆயினும் மகிழவில்லை. நம் இசைவின்றி எழுதியது ஏன் என்று கேட்டார். பெரியவாச்சான் பிள்ளை உரை எழுதுவதற்குப் போட்டியாகவோ என்றும் கேட்டார் என்பர். மறந்துவிடாதிருக்க எழுதிக்கொண்டேன் என்பதே மாணவரின் விடை. நம்பிள்ளை ஏடுகளைத் தம்மிடம் வாங்கி வைத்துக்கொண்டார். பின்னர் ஈயுண்ணி மாதவர் என்னும் மாணவர் வேண்டிக்கொள்ள அவரிடம் கொடுத்தார். இந்த வழங்கலை மணவாள மாமுனிகள் தம் உபதேசரத்தினமாலையிலேயே பதிவு செய்திருக்கிறார்.

இளமையில் இதைப் படித்தபோது நமக்கு நம்பிள்ளை மேல் வருத்தம் உண்டாயிற்று. இரவு இரவாக விளக்கெரித்து எழுதியவரிடமிருந்து ஏட்டைப் பிடுங்கலாமா? இப்போது, வகுப்பறையில் இருபது ஆண்டுகள் நின்ற பிறகு, அவர் அஞ்சியது எதற்கு என்று ஓரளவு விளங்குகிறது. அவருடைய வரலாற்றிலேயே அதற்கு முந்திய நிகழ்ச்சி ஒன்று இருக்கிறது.

நம்பிள்ளைக்கு முதற்பெயர் வரதராசர். நஞ்சீயர் தம் ஒன்பதினாயிரப்படியை நல்ல கையெழுத்தில் படியெடுக்க ஆள் தேடியபோது அவரைக் காட்டினார்கள். நஞ்சீயர் உடனே ஏட்டைக் கொடுத்துவிடவில்லை. முதலில் உரை முழுவதையும் அவருக்குப் பாடம் சொன்னார். பிறகே மூல ஏட்டைக் கையில் தந்தார். ஊருக்குச் சென்று எழுதி வருவதாகச் சொல்லிப் புறப்பட்ட வரதராசர் காவிரியைக் கடக்கையில் வெள்ளம் மிகுந்தது. ஏட்டைத் தலையில் கட்டிக்கொண்டு நீந்தினார். அலை ஒன்று அடித்து ஏட்டைக் கொண்டு போயிற்று. வேறு படி கிடையாது. கரையேறியவர், கேட்ட பாடத்தை நினைவிலிருந்தே முழுவதும் எழுதினார்; தமக்கு நயம் தோன்றிய இடங்களில் சிறிது சேர்த்தும் எழுதினார். நஞ்சீயர் பார்த்துவிட்டு, இது நாம் எழுதியது போலவும் இருக்கிறது, நாம் எழுதாத நயமும் இருக்கிறது என்று வியந்து, நடந்ததை அறிந்ததும் 'நம் பிள்ளை' என்று தழுவிக்கொண்டார். அப்பெயரே நிலைத்தது.

ஏட்டை ஆற்றில் விட்டும் பாடத்தை விடாதவர் அவர். அப்படிப்பட்டவர், மறக்காமலிருக்க எழுதினேன் என்னும் விடையை எப்படிக் கேட்டிருப்பார்!

ஆனால் வரலாறு அவர் பக்கம் மட்டும் பேசவில்லை. 1323இல் தில்லிப் படை திருவரங்கத்தைத் தாக்கியது. வடக்குத் திருவீதிப்பிள்ளையின் மகனார் பிள்ளை லோகாசாரியர் நம்பெருமாளை எழுந்தருளச் செய்துகொண்டு தெற்கே சென்று, மதுரைப் பக்கத்தில் உயிர் நீத்தார். நம்பெருமாள் அரங்கம் திரும்பியது 1371இல். கேட்டவர்கள் சிதறினார்கள்; கேட்ட மண்டபங்கள் வெறிச்சோடின. ஈயுண்ணி மாதவர் கைக்குச் சென்ற ஈடோ, ஒருவர்க்கு ஒருவர் என்னும் முறையில் வெளியூர்களில் வழங்கி, திருவாய்மொழிப் பிள்ளை வழியாக மணவாள மாமுனிகளை அடைந்தது. 15ஆம் நூற்றாண்டில் அவர் அதை நம்பெருமாள் முன்னிலையில் ஓராண்டுக் காலம் எடுத்துரைத்தார் என்பது கோயில் மரபு. எழுத்தாக இருந்ததால் பிழைத்தது; பிழைத்தது மீண்டும் பேச்சாயிற்று. இரவில் எழுதியவர் இல்லையேல் அந்த ஓராண்டு ஏது?

கற்பவரின் பசியைப் பற்றியும் ஒரு சொல். இதே திருச்சிராப்பள்ளியில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815-1876) இளமையில் தண்டியலங்காரம் கற்க விரும்பினார். பாடம் சொல்லத்தக்கவராய் ஊரில் அகப்பட்டவர் வீடு வீடாகப் பிச்சையெடுத்துத் திரிந்த ஒரு பரதேசி. கஞ்சாப் பழக்கமும் முன்கோபமும் உடையவர். பிள்ளையவர்கள் அவர் பின்னாலேயே தெருத்தெருவாக நடந்து, வேண்டியதை வாங்கிக் கொடுத்துப் பாடம் கேட்டார் என்று உ. வே. சாமிநாதையர் எழுதியிருக்கிறார். இன்றைய மாணவர் விரல் நுனியில் நூறு தண்டியலங்காரச் சொற்பொழிவுகள் கிடக்கக்கூடும். நடக்க வேண்டிய தெருதான் இல்லை.

கருவிக்கு வருவோம். இத்தகைய கருவிகளில் பெரும்பாலானவை காணொளியின் பேச்சை முதலில் எழுத்தாக்கி, அவ்வெழுத்தைப் பின்னர் ஒரு மொழி மாதிரியைக் கொண்டு சுருக்குகின்றன. பேச்சை எழுத்தாக்கப் பயிற்றிய மாதிரிகளுள் புகழ்பெற்றது 2022இல் வெளியான விஸ்பர். அதற்கு ஊட்டிய ஒலிப்பதிவு 6,80,000 மணி நேரம். அதில் ஆங்கிலம் அல்லாத 96 மொழிகளுக்கும் சேர்த்துக் கிடைத்த பங்கு 1,17,000 மணி நேரம். தமிழுக்கே இந்நிலை என்றால் மணிப்பிரவாளத்துக்கு என்ன கிடைத்திருக்கும்! ஆயினும் மாணவியின் கருவி 'படி' என்று சரியாகவே கேட்டிருந்தது, பொருளில்தான் இடறிற்று. இடறியதையும் ஒழுங்கான நடையில் சொல்லியதுதான் ஆபத்து. வடக்குத் திருவீதிப்பிள்ளை தவறக் கேட்டிருந்தால் மறுநாள் அதே கூட்டத்தில் அமரும்போது அவருக்கே தெரிந்திருக்கும்.

மாணவியிடம் இவற்றையெல்லாம் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "ஐயா, நான் மாலையில் கடைக்கு வேலைக்குப் போகிறேன். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கேட்க எனக்கு வாய்ப்பில்லை. அதனால்தான் அதனிடம் கொடுத்தேன்" என்றார். நமக்கு விடை வரவில்லை. பகலில் கேட்டு இரவில் எழுதியவருக்குப் பகலாவது இருந்தது.

ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். கருவி தரும் சாரத்தில் ஒவ்வொரு செய்திக்கும் எதிரே அது காணொளியில் எந்த நிமிடத்தில் வருகிறது என்று குறிக்கச் சொல்வது. ஐயம் தோன்றும் இடத்தை மட்டும் பேருந்தில் போகும்போது காதால் கேட்பது. பிறகு சென்னைப் பல்கலைக்கழகம் பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட பு. ரா. புருஷோத்தம நாயுடுவின் ஈட்டின் தமிழாக்கத்தில் அதே இடத்தைப் பார்ப்பது. ஐந்து வாரம் ஆயிற்று. சென்ற வெள்ளியன்று அவர் கொண்டுவந்த தாளில் கருவி சொன்னவற்றுள் பதினொன்று அடிக்கப்பட்டிருந்தன. பன்னிரண்டாவதை அடித்துவிட்டு, மீண்டும் எழுதி, ஓரத்தில் "சொற்பொழிவாளரே மாற்றிச் சொல்கிறார், நூலில் வேறு" என்று குறித்திருந்தார். முதல் தொகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு அன்று மாலை வரை பார்த்தோம். அவர் குறித்தது சரி.