சோப்புக் குமிழியும் முதல் மூச்சும்

ஒரு கண்ணாடிக் குழாயின் இரு முனைகளிலும் சோப்புக் குமிழிகளை ஊதுங்கள். ஒன்று பெரியது, மற்றது சிறியது. நடுவிலுள்ள அடைப்பைத் திறந்தால் என்ன நடக்கும்? இரண்டும் சம அளவாகிவிடும் என்றுதான் மாணவர் பலரும் விடை சொல்வார்கள். நடப்பதோ வேறு. சிறிய குமிழி சுருங்கி மறைய, அதன் காற்று பெரியதற்குள் போய்விடும். பரப்பு இழுவிசையால் குமிழிக்குள் உண்டாகும் மிகை அழுத்தம் ஆரத்துக்கு எதிர்விகிதத்தில் இருப்பதே காரணம். லாப்லாஸின் இந்த விதிக்கும் குறைமாதக் குழந்தையின் உயிருக்கும் தொடர்பு உண்டு என்றால் நம்புவீர்களா?

நம் நுரையீரலிலுள்ள கோடிக்கணக்கான நுண்ணறைகளின் உட்சுவர் ஈரமானது. ஆகவே அங்கும் பரப்பு இழுவிசை உண்டு. 1929இல் சுவிட்சர்லாந்தில் வான் நீர்கார்டு என்பவர் பன்றியின் நுரையீரலைக் காற்றாலும் கரைசலாலும் நிரப்பிப் பார்த்தார். காற்றால் விரிக்கவே அதிக அழுத்தம் தேவைப்பட்டது. கரைசல் நிரம்பும்போது காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பு இல்லை, இழுவிசையும் இல்லை. அருமையான இச்சோதனையை நெடுங்காலம் எவரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

1955இல் இங்கிலாந்தில் பாட்டில் என்பவர், நுரையீரலிலிருந்து வரும் நுரையின் குமிழிகள் மறையாமல் நிலைத்திருப்பதைக் கண்டார். 1957இல் அமெரிக்காவில் கிளெமென்ட்ஸ் அந்த இழுவிசையை அளந்தார். பரப்பு சுருங்கச் சுருங்க இழுவிசை வெகுவாகக் குறைந்தது. சிறிய அறைகள் ஒட்டிப்போகாமல் காக்க இயற்கையே சோப்புப் போன்றதொரு பொருளைப் பூசி வைத்திருக்கிறது! மூச்சுத் திணறி இறந்த குறைமாதக் குழந்தைகளிடம் அப்பொருள் போதிய அளவில் இல்லை என்பதை 1959இல் ஏவரியும் மீடும் காட்டினார்கள்.

காரணம் தெரிந்தும் மருந்து இல்லை. 1963 ஆகஸ்டில், ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்த அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் இதே நோயால் இரண்டு நாள்கூட வாழாமல் இறந்தான்.

வழி நியூசிலாந்தின் ஆட்டுப் பண்ணையிலிருந்து வந்தது. பிரசவம் எப்படித் தொடங்குகிறது என்று ஆராய்ந்த லிக்கின்ஸ், கருவிலிருந்த ஆட்டுக்குட்டிகளுக்கு ஸ்டீராய்டு ஹார்மோன் செலுத்தினார். பிழைக்கவே முடியாத அளவு முன்னதாகப் பிறந்த குட்டி மூச்சுவிட்டது! 1972இல் அவரும் ஹோவியும் 282 தாய்மாரிடம் நடத்திய சோதனையின் முடிவுகளை வெளியிட்டார்கள். பிரசவத்துக்கு முன் தாய்க்கு ஊசி போட்டால் குழந்தையின் மூச்சுத் திணறல் குறைகிறது என்பது தெளிவாயிற்று. 1980இல் ஜப்பானில் ஃபுஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த பொருளைப் பத்துக் குழந்தைகளின் நுரையீரலுக்குள் செலுத்தி வெற்றி கண்டார்.

கதை இத்துடன் முடியவில்லை. குறைப்பிரசவங்கள் பலவற்றுக்குப் பின்னால் பனிக்குடச் சவ்வின் அழற்சி இருக்கிறது. 1996இல் வாட்டர்பர்க் குழுவினர் ஒரு விந்தையைக் கண்டார்கள். கருவிலேயே அழற்சிக்கு ஆளான குழந்தைகளுக்குத் தொடக்க மூச்சுத் திணறல் குறைவு. ஆனால் நாட்பட்ட நுரையீரல் நோய் அதிகம். ஆட்டின் பனிநீரில் பாக்டீரியா நச்சைச் செலுத்திய சோதனைகளிலும் குட்டியின் நுரையீரல் முன்கூட்டியே முதிர்ந்தது. நுண்ணறைகளின் எண்ணிக்கையோ குறைந்தது. அழற்சி மூளையையும் பாதிக்கக்கூடும்.

இழுவிசையை வென்றுவிட்டோம். முதல் மூச்சு எளிதாயிற்று. ஆனால் கருவில் மூண்ட நெருப்பை அணைக்கும் வழி இன்னும் கைக்கு எட்டவில்லை. அதைக் காணப்போகிறவர் உங்களில் ஒருவராக ஏன் இருக்கக் கூடாது?